இரவு ஆள் எத்தனை பேர்?

முதியோர் இல்லத்தில் வேலை என்று சொன்னால் கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கத்தில் கிடைக்கிற பதில் ஒன்றுதான். "நல்ல மனசு உள்ளவங்களாலதான் அது முடியும்." கல்யாண வீட்டுப் பந்தியிலும் அதுதான், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரி சொல்வதும் அதுதான், ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வருகிறவர்கள் சொல்வதும் அதுதான். கூடவே, "பெரிய புண்ணியம், நமக்கெல்லாம் வராது" என்பார்கள். சொல்கிறவர்களிடம் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. ஆனால் பேச்சு அதோடு முடிந்துவிடும். சம்பளம் எவ்வளவு, எத்தனை மணி நேரம், ராத்திரி எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. புண்ணியத்துக்கு டியூட்டி நேரம் ஏது?

இந்தப் பாராட்டு பிழையானது என்பது என் கட்சி. அது கேடும் விளைவிக்கிறது. முதியோர் இல்லத்தில் நடப்பது கைவேலை. பழகிச் செய்ய வேண்டிய வேலை. பழகாதவர் செய்தால் ஆள் சாகக்கூடிய வேலை. அதை மனசின் கணக்கில் எழுதிவிட்டால் பயிற்சி தேவையில்லை, ஆள் எண்ணிக்கை தேவையில்லை, கூலிப் பேச்சே தேவையில்லை. நல்ல மனசு இருந்தால் எல்லாம் நடந்துவிடும். நடக்கவில்லையென்றால் வேலை செய்தவளுக்கு மனசு சரியில்லை. இந்தக் கணக்கு இல்லம் நடத்துகிறவர்களுக்கு வசதி, அரசாங்கத்துக்கு வசதி, அப்பாவைக் கொண்டுவந்து விட்டுப் போகிற மகனுக்கும் வசதி. வேலை செய்கிறவளுக்கு மட்டும் இதில் ஒன்றுமில்லை.

அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதற்குப் பிறகு சில வருஷம் தக்கலைக்குப் பக்கத்தில் ஓர் இல்லத்தில் பொறுப்பில் இருந்தேன். பென்ஷன் வாங்குகிறவள் என்பதால் எனக்கு அந்தச் சம்பளம் பெரிய காரியமில்லை. கூட வேலை செய்த பெண்களுக்கு அதுதான் காரியம். அவர்களில் ஒருவரும் நர்சிங் படித்தவரில்லை. முந்திரி ஆலையிலிருந்து வந்தவர்கள் உண்டு, ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போன வீட்டுக்காரர் விழுந்து படுத்தபின் வந்தவர்கள் உண்டு, திருவனந்தபுரத்தில் வீட்டோடு தங்கி ஹோம்நர்ஸ் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் உண்டு. அவர்களுடைய கைகளைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

கிடப்பில் இருக்கிற ஒரு பாட்டாவைத் திருப்பிப் படுக்க வைப்பதை எடுத்துக்கொள்வோம். பார்த்தால் ஒன்றுமில்லை. பழகாதவர் கையைப் பிடித்து இழுப்பார், அல்லது கக்கத்தில் கைகொடுத்துத் தூக்குவார். எண்பது வயதுத் தோல் விரிப்போடு உரசிக் கிழியும், தோள்மூட்டு நழுவும். பழகியவள் முதலில் வாயைத் திறப்பாள். "பாட்டா, இந்தப் பக்கமாச் சரியப் போறோம், கேட்டீரா?" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவாள். தூரத்துக் கையை நெஞ்சின்மேல் மடித்து வைப்பாள், முழங்காலை மடக்குவாள், ஒரு கையைத் தோளிலும் ஒரு கையை இடுப்பிலும் வைத்துத் தன் பக்கமாக உருட்டுவாள். முழுதாகப் பக்கவாட்டில் கிடத்தமாட்டாள்; இடுப்பெலும்பின் முனை அழுந்திப் புண்ணாகும் என்று அவளுக்குத் தெரியும். முதுகுக்குத் தலையணையை அண்டக்கொடுத்து அரைச் சாய்வில் நிறுத்துவாள். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு துவர்த்தை மடித்து வைப்பாள். குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொன்று. கடைசியாக வால் எலும்புப் பக்கம் பார்ப்பாள். அழுந்திய இடம் சிவந்திருக்கும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அது வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. நம்முடைய கறுத்த தோலில் சிவப்பு எங்கே தெரியும்? புறங்கையை வைத்துச் சூடு பார்க்க வேண்டும், விரலால் அமுக்கி அந்த இடம் கெட்டிப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதை எனக்குக் காட்டித் தந்தவள் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஒரு பெண். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இவ்வளவும் நடக்க வேண்டும். ஒரு ராத்திரி தவறினால் புண் தொடங்கிவிடும். ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். சிலருக்கு ஆறவே செய்யாது.

சாப்பாடு ஊட்டுவதையும் பார்க்கலாம். பக்கவாதம் வந்தவருக்குத் தொண்டை சரியாக வேலை செய்யாது. கஞ்சியைவிட ஆபத்தானது வெறும் வெள்ளம், அதாவது தண்ணீர். அது வழுக்கிக்கொண்டு மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஆளை நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைச் சற்றுக் கீழே தாழ்த்தச் சொல்லி, இழுக்காத பக்கத்துக் கன்னத்தில் சின்னக் கரண்டியால் கொடுத்து, விழுங்கினாரா என்று தொண்டையைப் பார்த்துவிட்டு அடுத்த கரண்டியைக் கொண்டுபோக வேண்டும். முடிந்ததும் கன்னத்து இடுக்கில் சோறு தங்கியிருக்கிறதா என்று விரலால் துழாவ வேண்டும். அரைமணி நேரம் படுக்க விடக்கூடாது. மகள் வருவாள், வெளியூரிலிருந்து, அழுதுகொண்டே. அப்பா படுத்திருக்கிற நிலையிலேயே தலையைக் கொஞ்சம் தூக்கி, டம்ளரில் வெள்ளம் கொடுப்பாள். அவளுடைய பாசத்தில் சந்தேகமே இல்லை. இரண்டு நாள் கழித்து நெஞ்சுச் சளியோடு காய்ச்சல் வரும். ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு ஓட வேண்டியது நாங்கள். மனசு போதும் என்கிறவர்களிடம் இந்த ஒரு டம்ளரைத்தான் காட்டுவேன்.

இன்னொன்று, யாரும் எதிர்பார்க்காதது. நேற்று வரை சாதுவாக இருந்த அம்மச்சி திடீரென்று கெட்ட வார்த்தை பேசுவார், தட்டைத் தள்ளிவிடுவார், பக்கத்துக் கட்டில்காரி தன் நகையைத் திருடிவிட்டாள் என்பார். பார்க்க வந்தவர்கள் "குணம் மாறிட்டு, வயசாச்சுல்லா" என்று போய்விடுவார்கள். பழகிய பெண் மூத்திரத்தை மோந்து பார்ப்பாள், எத்தனை தடவை போனார் என்று எண்ணுவாள், பிறகு வந்து என்னிடம், "சிஸ்டர், டெஸ்ட் எழுதித் தாருங்க" என்பாள். வயதானவர்களுக்கு மூத்திரத் தொற்று பல சமயம் காய்ச்சலாக வராது, புத்தி தடுமாற்றமாகத்தான் வரும். மருந்து கொடுத்தால் நாலைந்து நாளில் பழைய அம்மச்சி திரும்பி வந்துவிடுவார்.

மறதி நோய்க்காரர்களோடு சாயங்காலத்தைக் கழிப்பது தனி வித்தை. வெயில் தாழ்ந்தால் ஒருவர் கிளம்புவார். "பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் விட்டிருக்கும், நான் போணும்." பிள்ளைகளுக்கு அறுபது வயது. அதைச் சொன்னால் கதவை உடைப்பார். எங்களிடம் இருந்த ஒரு பெண் அதைச் சொன்னதேயில்லை. மூன்றரை மணிக்கே ஒரு சுளகில் பயறைக் கொட்டி அவர் முன்னால் வைப்பாள். "இதக் கொஞ்சம் பொறுக்கித் தாருங்க அம்மச்சி, பிள்ளைய வந்தா கஞ்சிக்கு வேணும்லா." கல் பொறுக்கிக்கொண்டே அவர் அந்தப் பொழுதைக் கடந்துவிடுவார். அது கல் இல்லாத பயறு. நாலைந்து கல்லை அவளே போட்டு வைப்பாள். வெளிநாட்டில் இப்படிச் செய்கிறவர்களுக்கு சிகிச்சையாளர் என்று பட்டம் உண்டு. இவளுடைய பெயர் வருகைப் பதிவேட்டில் 'ஆயா' என்ற தலைப்பின் கீழ் இருந்தது.

இதே மாவட்டத்தில் முந்திரி ஆலையில் வேலை செய்தால் கூலி நிர்ணயம் உண்டு, போனஸ் பேச்சுவார்த்தை உண்டு, கேட்பதற்குச் சங்கம் உண்டு. போதுமா என்பது வேறு விஷயம். கொட்டையை உடையாமல் எடுக்கத் தெரிந்த கைக்கு விலை பேசுகிறோம். எலும்பு உடையாமல் மனிதரைத் தூக்கத் தெரிந்த கைக்குப் புண்ணியம் கொடுத்து அனுப்புகிறோம்.

மனசு என்ற இந்தக் கொள்கைக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. இல்லங்களில் ஏதாவது விபரீதம் நடந்தால் உடனே "இவங்கள்லாம் மனுசங்கதானா" என்று கிளம்புகிறோமே, அதுவும் இதே கொள்கைதான். வேலை சரியாக நடந்தால் தேவதை, தவறினால் ராட்சசி. நடுவில் ஒரு தொழிலாளி இருக்கிறாள் என்ற நினைப்பே வருவதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. ஓலைக் கொட்டகை. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். நாடே கொதித்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. சங்கிலி போட்டவர்களின் கொடூரத்தைப் பற்றி அன்றைக்குப் பேசாதவர் இல்லை. சங்கிலி எதற்கு வருகிறது என்று பேசியவர்கள் குறைவு. ராத்திரி ஆள் இல்லாத இடத்தில் ஆளுக்குப் பதிலாகத்தான் சங்கிலி வரும். இன்றைக்கு அது சங்கிலியாக இருக்காது. கட்டிலோடு கட்டிய துணியாக இருக்கும், வெளியில் போட்ட தாழ்ப்பாளாக இருக்கும், தேவைக்கு மேல் கொடுத்த தூக்க மாத்திரையாக இருக்கும். 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் ஆசிரமத்தின் மீது புகார்கள் வெடித்து, கைதுகள் நடந்து, உள்ளே இருந்தவர்கள் வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டபோதும் செய்தியெல்லாம் நடத்தியவர்களின் குணத்தைப் பற்றித்தான். எத்தனை பேரைப் பார்க்க எத்தனை பேர் இருந்தார்கள் என்பதைத் தலைப்பில் போட்ட பத்திரிகையை நான் பார்க்கவில்லை.

ஆகவே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 25 பேர் இருக்கிற இல்லம். அதில் 9 பேர் கிடப்பு. ராத்திரி எட்டிலிருந்து காலை ஆறு வரை, பத்து மணி நேரத்துக்கு ஒரே ஒரு பெண். இரண்டு மணிக்கொருமுறை திருப்புவது என்றால் ஒருவருக்கு 5 முறை, 9 பேருக்கு 45 முறை. ஒன்றுக்கு ஆறு நிமிஷம் என்று இறுக்கிப் பிடித்தாலும் நாலரை மணி நேரம். டயப்பர் மாற்றித் துடைத்து விரிப்பைச் சரிசெய்வது ஆளுக்கு இரண்டு தடவை, தடவைக்குப் பத்து நிமிஷம். அது மூன்று மணி நேரம். மிச்சம் இரண்டரை மணி நேரம். அதற்குள் மற்ற 16 பேரில் கழிப்பறைக்குப் போகிறவர்களைத் தாங்கிப் பிடிக்க வேண்டும், சர்க்கரை இறங்கி வியர்த்துக் கிடப்பவரைக் கவனிக்க வேண்டும், எழுந்து நடமாடுகிறவரைத் திரும்பக் கொண்டுவந்து படுக்கவைக்க வேண்டும், நாலு மணிக்குக் குளிப்பாட்டுவதற்கு வெந்நீர் போட வேண்டும். ஒருவர் விழுந்துவிட்டால் மொத்தக் கணக்கும் சரிந்தது. உட்காருவதற்கோ ஒரு வாய்ச் சாயா குடிப்பதற்கோ இதில் நான் நேரம் சேர்க்கவில்லை. இந்தப் பத்து மணி நேரத்தில் ஒரு பாட்டா திரும்பாமல் கிடந்தார் என்றால் அவளுடைய மனசில் என்ன குறை? அன்னை தெரசாவையே கொண்டுவந்து நிறுத்தினாலும் ஒரு மணி நேரத்துக்கு 60 நிமிஷம்தான்.

தெரசா என்றதும் வருகிற எதிர்வாதம் எனக்குத் தெரியும். "மடத்து சிஸ்டர்மார் சம்பளம் வாங்காமல்தானே செய்கிறார்கள்? அவர்கள் இல்லத்தில் எவ்வளவு சுத்தம்!" உண்மை. இந்த மாவட்டத்தில் துறவியர் நடத்துகிற இல்லங்கள் பலவற்றின் சுத்தத்தையும் ஒழுங்கையும் நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு கன்னியாஸ்திரிக்கு என்னவெல்லாம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சாப்பாடு, இருப்பிடம், படிப்பு, வைத்தியச் செலவு எல்லாம் சபையுடையது. சலித்துப்போனால் வேறு ஊருக்கு மாற்றம் கிடைக்கும். அவருக்கு வயதாகும்போது பார்த்துக்கொள்ள சபையின் இளைய சகோதரிகள் இருப்பார்கள். வீட்டு வாடகை கிடையாது, மகளுக்குச் சீதனம் சேர்க்க வேண்டாம், திங்கட்கிழமையானால் வாசலில் வந்து நிற்கிற குழு லோன்காரர் கிடையாது. அவர் பக்கத்தில் நின்று அதே துணியை அலசுகிற மேக்காமண்டபத்து விதவைக்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது. அவள் எந்த விரதமும் எடுத்தவளில்லை. ஒருவர் மனமுவந்து துறந்ததை இன்னொருத்தியிடம் கேட்காமலே பறிப்பதற்குச் சேவை என்று பெயரிட முடியாது.

அதுவும் போகட்டும். சேவையைத் தொழிலாக்கிவிட்டால் அன்பு போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் தக்கலையிலிருந்து நெய்யூர் வரைக்கும் ஒரு நடை போய்வரலாம். பேருந்தில் போனால் கொஞ்ச நேரம்தான். லண்டன் மிஷனின் மருத்துவப் பணி அங்கே 1838இல் ஆர்ச்சிபால்டு ராம்சே என்ற மருத்துவரோடு தொடங்கியது. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் போன ஹோவர்டு சோமர்வெல் மருத்துவராகப் பல வருஷம் வேலை பார்த்தது இங்கேதான். அவர் மலையேறிய கதையை எல்லாரும் சொல்கிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. 1860களில் ஜான் லோ என்ற மருத்துவர் உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து மருத்துவ வகுப்பு நடத்தியிருக்கிறார். ஜெபம், ஊழியம் என்று வாய்நிறையப் பேசிய மிஷன்கூட, புண்ணைக் கட்டுவதற்கு விசுவாசம் போதும் என்று விட்டுவிடவில்லை. உட்காரவைத்துப் பாடம் நடத்தியது. 160 வருஷத்துக்குப் பிறகு, 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் நின்ற மாவட்டத்தில், திரும்பின பக்கமெல்லாம் நர்சிங் கல்லூரிப் பலகை தெரிகிற மாவட்டத்தில், முதியோர் இல்லத்துக்கு ஆள் எடுக்கும்போது கேட்கிற கேள்வி "பொறுமை உண்டாம்மா?" என்பதாக இருக்கிறது.

"பெற்ற பிள்ளைகள் பார்த்தால் இந்த இல்லமே வேண்டாமே" என்று இடையில் ஒரு குரல் எப்போதும் வரும். அதற்கு நீண்ட பதில் தேவையில்லை. பிள்ளைகள் என்று சொல்லும்போது மருமகளை மனதில் வைத்துத்தான் சொல்கிறார்கள். மகன் துபாயில் இருப்பான், மகள் பெங்களூரில் இருப்பாள். மருமகள் வேலைக்குப் போவாள், அல்லது அவளுக்கே அறுபது வயதாகியிருக்கும். 2011இல் தமிழ்நாட்டு மக்களில் அறுபது தாண்டியவர்கள் 10.4 சதவீதம், 2021க்கு அரசு வெளியிட்ட மதிப்பீட்டில் 13.6. பக்கத்துக் கேரளத்தில் 16.5. இல்லம் என்றாலே அவமானம் என்ற பேச்சினால் இல்லங்கள் குறைந்துவிடவில்லை, கண்ணுக்கு மறைந்துதான் இருக்கின்றன. அவமானமான இடத்துக்குள் போய் யார் எட்டிப்பார்ப்பார்கள்? வேலை செய்கிற பெண்ணே, எங்கே வேலை என்று கேட்டால் "ஆஸ்பத்திரியில" என்று சொல்லிச் சமாளிப்பதைக் கேட்டிருக்கிறேன்.

சட்டத்துக்கு வருவோம். 1978 பிப்ரவரியில் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அதன் பிரதான தீர்ப்பை எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். லாபம் இல்லை, தரும காரியம் என்று சொல்லி ஒரு நிறுவனம் தொழில் தகராறுச் சட்டத்திலிருந்து தப்ப முடியாது என்று அது நிலைநாட்டியது. தருமம் செய்கிறவர் நிறுவனத்தை நடத்துகிறவர். அங்கே கூலிக்கு வேலை செய்கிறவர் தருமம் செய்ய வந்தவரல்லர் என்பது அதன் சாரம். இதைவிடத் தெளிவாக யார் சொல்லிவிட முடியும்? ஆனால் 2020இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, தரும, சமூக, பரோபகாரப் பணிகளில் முழுமையாகவோ பெரும்பாலுமோ ஈடுபட்ட அமைப்புகளின் நிறுவனங்களைத் தொழில் என்ற வரையறையிலிருந்தே விலக்கிவிட்டது. குறைந்தபட்சக் கூலி எல்லா வேலைக்கும் உண்டு என்று அதன் கூடப்பிறந்த ஊதியத் தொகுப்பு சொல்கிறது. நல்லது. அந்தக் கூலியைக் கேட்டதற்காக ஒருத்தியை நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டால் அவள் போய் நிற்பதற்கு முன்பிருந்த வாசல் இப்போது இல்லை. பந்தியில் நாம் சொல்கிற "பெரிய புண்ணியம்" என்ற பேச்சு நாடாளுமன்றம் வரைக்கும் போய்ச் சட்டமாகத் திரும்பி வந்திருக்கிறது.

இது முதியோர் இல்லத்தோடு நிற்கிற காரியமும் இல்லை. அங்கன்வாடிப் பெண்களுக்குக் கொடுப்பது மதிப்பூதியம், அது சம்பளமே ஆகாது என்று பல வருஷம் சாதித்தார்கள். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல், அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்றது. பெண்கள் செய்கிற வேலை, வீட்டில் செய்கிற வேலையின் சாயல் உள்ள வேலை என்றால் சம்பளம் என்ற சொல்லைச் சொல்லவே நமக்கு நாக்கு எழும்புவதில்லை.

அதே கை கடல் தாண்டினால் என்ன ஆகிறது பாருங்கள். 2022 பிப்ரவரியில் பிரிட்டன் பராமரிப்பு வேலைக்காரர்களுக்கு விசாக் கதவைத் திறந்தபோது வைத்த குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 20,480 பவுண்டு. கேரளத்திலிருந்தும் நம் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் ஓடினார்கள், பி.எஸ்சி. நர்சிங் படித்தவர்கள்கூட வயதானவர்களைக் குளிப்பாட்டப் போனார்கள். இங்கே அந்த வேலைக்குக் கூப்பிட்டால் முகம் சுளித்திருப்பார்கள். (ஏஜெண்டுகளிடம் பணத்தைக் கொடுத்து ஏமாந்தவர்கள் கதை தனி. 2024 மார்ச்சில் குடும்பத்தைக் கூட்டிவரத் தடை வந்தது, 2025 ஜூலையில் வெளிநாட்டு ஆள் எடுப்பே நின்றது. சொர்க்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.) ஜெர்மனியில் இந்த வேலைக்கு மூன்று வருஷப் படிப்பு. ஜப்பானில் 1987ஆம் வருஷச் சட்டத்தின்படி தேசியத் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்குகிறார்கள். அங்கே வயதானவர்கள் மேல் அன்பு குறைந்துபோய்விட்டது என்று அதை வைத்து யாரும் சொல்வதில்லை.

கடைசி வாதம்தான் கனமானது. அதை எடுத்துவைத்தவர் எங்கள் இல்லத்தின் நிர்வாகி. கெட்டவரல்லர், தன் கைப்பணத்தைப் போட்டு நடத்துகிறவர். "நீங்க சொல்லுகது எல்லாம் சரிதான். ராத்திரிக்கு மூணு பேரு, சட்டப்படிச் சம்பளம், இ.எஸ்.ஐ., பி.எஃப். எல்லாம் போட்டா நான் மாசத்துல பூட்டிட்டுப் போகணும். இந்த இருபத்தஞ்சு பேரும் ரோட்டுக்கு வருவாங்க. அது சம்மதமா?" என்று கேட்டார். இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் அதை இன்னொரு விதமாகச் சொல்லிப் பார்க்கலாம். இல்லம் நடப்பதற்கு மாதாமாதம் ஒரு தொகை குறைகிறது. அந்தக் குறையை இப்போது யார் கட்டுகிறார்கள்? மேக்காமண்டபத்து விதவை கட்டுகிறாள், வாங்காத சம்பளமாக. அந்த இல்லத்தின் மிகப் பெரிய நன்கொடையாளர் அவள்தான். சுவரில் பளிங்குக் கல்லில் பெயர் பொறித்திருப்பது வேறு ஆட்களுடையது.

குறையை வேறு யார் கட்டலாம் என்பதற்குப் பதில் இல்லாமல் இல்லை. ஜெர்மனி 1995இலும் ஜப்பான் 2000இலும் முதுமைப் பராமரிப்புக்கென்று தனிக் காப்பீட்டைத் தொடங்கின. ஜப்பானில் நாற்பது வயதிலிருந்து எல்லாரும் கட்டுகிறார்கள். நம்முடைய 2007ஆம் வருஷ மூத்த குடிமக்கள் சட்டம், மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 ஆதரவற்ற முதியவர்கள் தங்கக்கூடிய இல்லத்தை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. அமைத்தே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. இல்லங்களுக்குப் பதிவும் குறைந்தபட்சத் தரமும் வேண்டும் என்ற திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்து, சட்டமாகாமலே போய்விட்டது. மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டில் வீட்டு வாசலுக்கு நோய்த்தணிப்புச் சிகிச்சையையும் பிசியோதெரபியையும் அனுப்பத் தொடங்கிய அரசுக்கு, இல்லத்து ராத்திரி ஆளுக்குச் சம்பள மானியம் கொடுப்பது முடியாத காரியமாக இருக்காது. கேட்டால் கொடுக்கலாம். சேவை என்று சொல்லிக்கொண்டிருக்கும்வரை கேட்கவும் தோன்றாது, கொடுக்கவும் தோன்றாது.

நாமும் கொடுக்காதவர்கள் அல்ல. அதையும் சொல்லத்தான் வேண்டும். அப்பா நினைவுநாள், பிள்ளை பிறந்தநாள், கல்யாண நாள் என்றால் தக்கலை, அழகியமண்டபம், மார்த்தாண்டம் பக்கத்து வீடுகளிலிருந்து சாப்பாடு வரும். டிசம்பரில் ஒரே மதியத்துக்கு மூன்று வீட்டுப் பிரியாணி வந்து நிற்கும், கூடவே கேக்கும் பாயசமும். பாதிப் பேருக்குச் சர்க்கரை. வேண்டாம் என்றால் கொண்டுவந்தவர்களுக்கு மனத்தாங்கல். போட்டோ எடுக்க வேண்டும், ஒரு வாயாவது அவர்கள் கையால் ஊட்ட வேண்டும். அவர்கள் நாலு மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு வயிறு கலங்கும். ஒன்று மாற்றி முடிப்பதற்குள் அடுத்த கட்டில். மறுநாள் காலையில் சர்க்கரை பார்த்தால் கருவி காட்டுகிற எண்ணைச் சொல்லவே பயமாக இருக்கும். விருந்துக்கு மறுநாள் டயப்பர் கட்டு காலியாகி, கடை திறக்கும்வரை பழைய சேலையைக் கிழித்து மடித்து வைத்த நாள்கள் உண்டு. டயப்பர் வாங்கித் தாருங்கள் என்று கேட்டால், "அது என்னமோ போல இருக்கும், சாப்பாடே தாறோம்" என்பார்கள்.

எங்கள் இல்லத்தின் நன்கொடைச் சீட்டில் அச்சடித்திருந்த வரிகள் இவை: காலை டிபன், மதியச் சாப்பாடு, கறியோடு மதியச் சாப்பாடு, இரவுக் கஞ்சி. ஒவ்வொன்றுக்கும் நேராகத் தொகை. அடுத்த முறை அச்சடிக்கும்போது 'ஓர் இரவுக்கு ஓர் ஆள் சம்பளம்' என்று ஐந்தாவதாக ஒரு வரி சேர்ப்போம் என்று நிர்வாகக் குழுவில் சொன்னேன். ஒருவர் சிரித்தார். "கறிச்சோறுன்னா தருவாங்க டீச்சர்" (அவருக்கு நான் எப்போதும் டீச்சர்தான்), "சம்பளத்துக்கு ஆரு தருவா?"

"கேட்டுப் பாத்திருக்கோமா?"

"கேக்கவே வேண்டாம். தெரியும்."

அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்குப் புரியவில்லை. அந்த வரியை அச்சடித்த சீட்டு ஒன்றை இந்த ஊரில் இதுவரை ஒருவர் கையிலும் யாரும் கொடுத்ததில்லை.